மழைக்காலத்தில் வீட்டுப் பரிசோதனைச் சேவை: மடிப்பாக்கத்தில் பெற்ற அனுபவம்

பழைய அடுக்குமாடி வீட்டை மறுவிற்பனையில் வாங்குவதற்கு முன் அதைத் தொழில்முறையில் பரிசோதித்து அறிக்கை தரும் நிறுவனங்கள் சென்னையில் சில ஆண்டுகளாக இயங்கி வருகின்றன. மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில், அதாவது மொட்டை மாடிக்கு நேர் கீழே, நாங்கள் வாங்க எண்ணியிருந்த வீட்டுக்கு அப்படியொரு நிறுவனத்தைக் கார்த்திகை மாத மழையின் நடுவே அழைத்தோம். சேவை எப்படி இருந்தது, கொடுத்த கட்டணத்துக்கு என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை, இதே முடிவை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக விரிவாகவே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஒரே நிறுவனத்திலும் வருகிற பொறியாளர் யார் என்பதைப் பொறுத்துத் தரம் பெரிதும் மாறுகிறது. ஆகவே பெயரைவிட, வந்தவர் என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பதே படிப்பவருக்குப் பயன்படும்.

நம் ஊரில் வீடு வாங்குவதற்கென்று ஒரு காலக்கணக்கு இருக்கிறது. ஆடியில் பேச்சைத் தொடங்குவதில்லை, மார்கழியில் பத்திரம் பதிவதில்லை. தை பிறக்கட்டும் என்று வாங்குபவரும் விற்பவரும் தரகரும் சேர்ந்தே காத்திருக்கிறார்கள். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. அந்த மழை ஓய்ந்து, பொங்கலுக்கு வெள்ளையடித்து, மாசி வெயிலில் சுவரெல்லாம் உலர்ந்த பிறகு பார்க்கிறவருக்கு, அந்த வீடு மழையில் என்ன பாடு பட்டது என்பதற்கான தடயம் அநேகமாக மிஞ்சியிருக்காது. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த சுவர் அடுத்த ஐப்பசி வரை எதையும் காட்டிக்கொடுக்காது. எனவே மழையிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். அந்த முடிவு சரியென்றே இப்போதும் கருதுகிறேன்.

சட்டம் இந்த இடத்தில் தரும் பாதுகாப்பும் குறைவு. வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால் கட்டுநர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். பதினைந்து ஆண்டைக் கடந்த கட்டடத்துக்கு அந்தப் பிரிவு உதவாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55ஆவது பிரிவில், வாங்குபவர் சாதாரண கவனத்துடன் பார்த்தால் தெரியவராத முக்கியக் குறை ஏதேனும் விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதை அவர் சொல்லிவிட வேண்டும் என்கிறது. ஆனால் அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது என்று பிற்பாடு நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில்தான் விழுகிறது. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரோ, கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று பார்க்க வருகிறவர். தளம் ஒழுகுகிறதா என்று பார்ப்பது அவருடைய பொறுப்பில் இல்லை. பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் வழக்கறிஞரிடம் கொடுத்துப் பார்க்கும் நாம், சுவரையும் தளத்தையும் அறிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிடுவது எனக்கு எப்போதும் கவலை தரும் வழக்கம்.

நாங்கள் முதலில் அணுகிய வேறொரு நிறுவனம், மழை விட்ட பிறகு தேதி தருகிறோம் என்று சொல்லிவிட்டது. இவர்கள் அப்படிச் சொல்லவில்லை. இரவு முழுக்கப் பெய்து காலையில் தணிந்திருக்கும் நாளே தங்களுக்கு உகந்தது என்றும், வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து முந்திய நாள் மாலையில் நேரத்தை உறுதிசெய்வதாகவும் கூறினார்கள். மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது, சம்ப் மூடியைத் திறக்க முடியுமா, கீழ் வீட்டில் அன்று ஆள் இருப்பார்களா, சுவரோரம் உள்ள பீரோவை நகர்த்த விற்பவர் சம்மதிப்பாரா என்று வரிசையாகக் கேட்டார்கள். தீபாவளிக்கு எந்தெந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள் என்பதையும் விசாரித்துவைக்கச் சொன்னார்கள். இந்தக் கடைசிக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை பிறந்தது. தீபாவளிக்கு வீடு முழுவதும் வெள்ளையடிப்பது வழக்கம். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் அடித்திருந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் என்று கேட்டாக வேண்டும். நாங்கள் பார்த்த வீட்டில் கூடத்தின் வடக்குச் சுவர் மட்டும் புதுப் பெயிண்ட் வாசனையோடு இருந்தது.

வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க கட்டடப் பொறியாளர். உடன் உதவிக்கு ஓர் இளைஞர் வந்திருந்தார். வீட்டுக்குள் நுழையுமுன் தெருவிலேயே வேலையைத் தொடங்கினார்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே மறுபடி மறுபடி புதுச்சாலை போட்டதால், சென்னையின் பல தெருக்களில் வீடுகள் சாலைமட்டத்தைவிடத் தாழ்ந்துபோய்விட்டன. கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர் நிரப்பிய டியூபைச் சாலை நடுவிலிருந்து வண்டி நிறுத்துமிடம் வரை பிடித்துப் பார்த்ததில், கட்டடத்தின் தரை நான்கு அங்குலம் பள்ளத்தில் இருப்பது தெரிந்தது. மின்வாரிய மீட்டர்கள் இருந்த பலகையின் கீழே, பழைய பலகை பொருத்தப்பட்டிருந்த துளைகளைச் சிமெண்டு வைத்து அடைத்திருந்தார்கள். மீட்டர்களை ஒருமுறை மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள் என்பதை அதிலிருந்தே அவர் கண்டுகொண்டார். பிறகு எதிரே இருந்த இஸ்திரிக் கடைக்காரரிடம் போய், மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டார். அவர் தம் முழங்காலைத் தொட்டுக் காட்டி, “இங்க வரைக்கும் சார், இறங்க மூணு நாளாச்சு” என்றார்.

இடத்தின் இயல்பைச் சொல்லாமல் வீட்டின் நிலையைச் சொல்ல முடியாது. மடிப்பாக்கம் வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் அருகில் அமைந்த தாழ்வான பகுதி. சுற்றியுள்ள இடங்களின் நீர் இயல்பாகவே அந்தச் சதுப்பு நிலத்தை நோக்கி ஓடுகிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்க்கப்பட்ட அந்த நிலம், ஒரு காலத்தில் இருந்த பரப்பில் சிறு பங்காகவே இன்று எஞ்சியிருக்கிறது. 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் இந்த வட்டாரம் என்ன ஆயிற்று என்பதைச் சென்னையில் இருப்பவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் மக்கள் முன்கூட்டியே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியது அந்த நினைவினால்தான். மூன்றாவது மாடியில் வாங்குகிறவருக்கு வெள்ளம் வீட்டுக்குள் வராது என்பது உண்மை. ஆனால் சம்ப்பும் மோட்டாரும் லிஃப்ட் குழியும் மீட்டர் பலகையும் கீழேதான் இருக்கின்றன. இந்தக் கட்டடத்தில் சம்ப் மூடி தரைக்குச் சமமாக, விளிம்பு எதுவுமின்றி இருந்தது. தெருத் தண்ணீர் உள்ளே வந்தால் முதலில் கெடுவது குடும்பங்கள் அத்தனையும் புழங்கும் நீர்தான் என்று அவர் சுட்டிக்காட்டி, மூடியைச் சுற்றி ஓர் அடி உயரத்துக்குக் கட்டை எழுப்ப வேண்டும் என்று குறித்துக்கொண்டார்.

மொட்டை மாடியில்தான் அதிக நேரம் செலவிட்டார். தளத்தில் தட்டோடு பதித்து, அதன்மேல் வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சு அடித்திருந்தார்கள். பூச்சு பல இடங்களில் செதில் செதிலாக உரிந்திருந்தது. மழைநீர் வெளியேற வேண்டிய குழாய்வாயை நோக்கி வாட்டம் இருக்க வேண்டிய இடத்தில், கூடத்துக்கு நேர் மேலே, நீர் குளமாகத் தேங்கி நின்றது. இரும்பு அளவுகோலைத் தண்ணீரில் நிறுத்திப் பல இடங்களில் ஆழத்தைப் படமெடுத்தார்கள். யாரோ ஒருவருடைய டிஷ் ஆண்டெனாவின் கால்களைத் தட்டோட்டைத் துளைத்து நேராகத் தளத்தில் முடுக்கியிருந்தார்கள். அதில் ஒரு துருப்பிடித்த போல்ட்டைச் சுற்றிச் சிறு குமிழ்கள் எழுந்துகொண்டிருந்தன. துளை வழியே தண்ணீர் கீழே இறங்க, அங்கிருந்த காற்று மேலே வருகிறது என்று அவர் விளக்கினார். காய்ந்த மாடியில் அது வெறும் துருப்பிடித்த போல்ட்டாக மட்டுமே தெரிந்திருக்கும். நானும் அதைக் கவனித்திருக்க மாட்டேன்.

வீட்டுக்குள் வந்ததும் வெப்பப் படக்கருவியை எடுத்தார். இந்தக் கருவியைப் பற்றி விளம்பரங்களில் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்பதால் சற்று விளக்க வேண்டும். அது சுவருக்குள் இருக்கும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. மேற்பரப்பின் வெப்பநிலை வேறுபாட்டை மட்டுமே காட்டுகிறது. ஈரமான இடத்திலிருந்து நீர் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்துவிடுவதால் படத்தில் நீலமாகத் தெரிகிறது. காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும் அடைமழை நாளில் ஆவியாவது குறைவு. எனவே வேறுபாடும் மங்கலாகவே தெரியும். படுக்கையறையின் சுவரில் பெரிய நீலத்திட்டு ஒன்று தோன்றியதும் நாங்கள் பதறினோம். அவர் பதறாமல், சற்று முன்வரை ஓடிக்கொண்டிருந்த ஏசியை நிறுத்தச் சொல்லிவிட்டு மற்ற அறைகளைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது அந்தத் திட்டு மறைந்திருந்தது. ஏசியின் குளிர்காற்று பட்ட இடம் அது. கருவியை மட்டும் நம்பி ஓர் ஆள் வந்திருந்தால் அறிக்கையில் அது கசிவாகவே பதிவாகியிருக்கும்.

ஈரப்பத அளவியையும் இதே நிதானத்துடன்தான் பயன்படுத்தினார். இரண்டு ஊசிமுனைகள் கொண்ட அந்தக் கருவி அடிப்படையில் மரத்துக்கென்று அளவிடப்பட்டது. சிமெண்டுப் பூச்சில் அது காட்டும் எண்ணை ஈரத்தின் சதவீதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஓர் இடத்தை இன்னோர் இடத்துடன் ஒப்பிடவே பயன்படுத்த வேண்டும். சுவரில் உப்புப் பூத்திருந்தால் காய்ந்த இடத்திலும் அது கூடுதலாகவே காட்டும். வீட்டின் நடுவில் இருந்த, வெளிக்காற்றே படாத ஓர் உட்சுவரில் முதலில் அளந்து, அந்த எண்ணை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றச் சுவர்களை ஒப்பிட்டார். புதுப் பெயிண்ட் அடித்த வடக்குச் சுவரின் மேல்பகுதியில் எண் பலமடங்கு ஏறியது. சுத்தியல் கைப்பிடியால் மெதுவாகத் தட்டியபோது அந்த இடம் மட்டும் பொள்ளலாக ஒலித்தது. பூச்சு செங்கல்லை விட்டு விலகியிருக்கிறது என்று பொருள்.

கூடத்தின் மின்விசிறியைச் சுற்றிக் கூரையில் காப்பிக்கறை போன்ற மெல்லிய பழுப்பு வளையம் ஒன்று இருந்தது. நாங்கள் வீடு பார்க்கப் போன ஒவ்வொரு முறையும் அது கண்ணில் பட்டிருக்க வேண்டும், ஆனால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவர் மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு ஏணியில் ஏறி விசிறியின் மேல்மூடியைக் கீழே இறக்கினார். வயர் இணைப்பின் மேல் சுற்றியிருந்த கறுப்பு நாடாவில் ஒரு சொட்டு நீர் தொங்கிக்கொண்டிருந்தது. மாடியில் போல்ட் துளை வழியே இறங்கிய தண்ணீர், தளத்துக்குள் புதைந்துள்ள மின்குழாயைப் பாதையாகப் பிடித்துக்கொண்டு விசிறிக் கொக்கிப் பெட்டி வரை வந்திருக்கிறது. ஒழுகும் இடமும் நீர் நுழையும் இடமும் ஒன்றுக்கொன்று நேராக இருப்பது அரிது என்பதால்தான் கூரைக் கசிவுகளை ஒட்டுப்போட்டுத் தீர்க்க முடிவதில்லை என்றார்.

அதைவிட அச்சம் தந்த விஷயம் மின்பெட்டியில் இருந்தது. மின்கசிவு ஏற்பட்டால் நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காக்க வேண்டிய ஆர்சிசிபி பெட்டியில் இருந்தது. ஆனால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தியபோது எதுவும் நடக்கவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்ததில், வயர்களை அதன் வழியே விடாமல் நேராக இணைத்திருந்தார்கள். விற்பவர் மறைக்காமல் காரணத்தைச் சொன்னார்: மழை பெய்தாலே அது விழுந்துவிடுகிறது என்று எலக்ட்ரீஷியன் அப்படி மாற்றிக் கொடுத்திருக்கிறார். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும்படி வடிவமைக்கப்பட்ட அந்தக் கருவி, விசிறிப் பெட்டியில் நீர் இறங்கியதைத்தான் ஒவ்வொரு மழையிலும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வீட்டில் சிறு குழந்தை ஒன்று இருந்தது. வாங்குகிறோமோ இல்லையோ, இன்றே இதைச் சரிசெய்துவிடுங்கள் என்று பொறியாளர் விற்பவரிடம் உறுதியாகச் சொன்னார். கட்டணம் கொடுத்தவர்கள் நாங்களாக இருந்தும், அங்கே குடியிருப்பவரின் பாதுகாப்பை அவர் முதலில் வைத்ததை மனதாரப் பாராட்டுகிறேன்.

குளியலறையைப் பார்த்த பிறகு, கீழ் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு அவர்களுடைய குளியலறைக் கூரையையும் பார்த்தார். பூச்சு ஒரு முழம் அகலத்துக்குப் பெயர்ந்து, உள்ளிருந்த கம்பி துருவேறித் தெரிந்தது. துரு, இரும்பு இருந்ததைவிடப் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளிருந்தே கான்கிரீட்டைத் தள்ளிப் பெயர்த்துவிடுகிறது. மழைக்கசிவு என்றே நாங்கள் நினைத்தோம். ஆனால் அந்த வீட்டு அம்மா, “மழையில மட்டும் இல்ல சார், சித்திரை வெயில்லயும் இந்த மூலை இப்படித்தான் ஊறிக்கிட்டு இருக்கும்” என்றார். அவர் சொன்னதைப் பொறியாளர் குறித்துக்கொண்டாரே தவிர, அன்று எதையும் முடிவாகச் சொல்லவில்லை. எல்லாமே நனைந்திருக்கும் நாளில், மழையால் வந்த ஈரம் எது, குழாய்க் கசிவால் வந்த ஈரம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதே அவர் கூறிய காரணம்.

என் முக்கியமான மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது. மழைநாள் பரிசோதனை சில குறைகளை வெளிப்படுத்துவது போலவே வேறு சிலவற்றை மறைக்கவும் செய்கிறது. அதை நிறுவனம் முன்கூட்டியே சொல்லவில்லை. தேங்கிய நீருக்கு அடியில் தட்டோட்டு இணைப்புகளின் வெடிப்புகள் தெரியவில்லை. அன்று காற்றில்லாமல் நேராகப் பெய்த மழையாதலால் ஜன்னல்களில் கசிவு இல்லை என்று அறிக்கை சொன்னது. ஆனால் வடக்குப் பார்த்த ஜன்னலின் கீழ்ப்பலகை உப்பியிருந்தது. வடகிழக்குப் பருவக்காற்றுடன் சாரல் அடிக்கும் நாளில் அங்கே நீர் வருகிறது என்பதற்கு அதுவே சான்று. ஆடி, ஆவணி மாலைகளில் மேற்கிலிருந்து வரும் இடிமழையை மேற்குச் சுவர் எப்படித் தாங்கும் என்பதைக் கார்த்திகையில் யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, களிமண் பாங்கான நிலத்தில் மழைக்காலத்தில் மண் நீரை உறிஞ்சி ஊதிக்கொள்வதால், கோடையில் வாய்பிளந்து நிற்கும் விரிசல்கள் இப்போது சேர்ந்துகொண்டு கண்ணுக்குத் தப்பிவிடும். விரிசல்களுக்காக மட்டும் ஒரு வீட்டைப் பார்ப்பதென்றால் வைகாசியே ஏற்ற காலம்.

இந்தக் காரணங்களால்தான் மழை ஓய்ந்து நன்றாகக் காய்ந்த பிறகு மறுமுறை வந்து பார்க்கும்படி கேட்டோம். அப்படியொரு வருகை தங்கள் சேவைப் பட்டியலில் இருக்கிறது என்பதே நாங்கள் கேட்ட பிறகுதான் தெரிந்தது. தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டாவது வருகையே எங்களுக்குத் தெளிவைத் தந்தது. முதல்முறை அளந்த அதே இடங்களைப் படத்தைப் பார்த்துப் பார்த்து அவர் மீண்டும் அளந்தார். கூடத்துக் கூரையில் எண் உட்சுவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. எனவே அது மழைக்கசிவு. குளியலறைச் சுவரிலோ கொஞ்சமும் இறங்கவில்லை. எனவே அது குழாயிலிருந்தோ தரையின் இணைப்பிலிருந்தோ வருவது, கீழ் வீட்டு அம்மா சொன்னது சரி. தரையில் நீரைத் தேக்கிப் பார்த்து, தரை நீர் வெளியேறும் வாயான நஹானி ட்ராப்பைச் சுற்றியுள்ள கலவைதான் விட்டுப்போயிருக்கிறது என்று கண்டார்கள். மாடியில் குளம் வற்றிய இடத்தில் அழுக்கு வரம்பு கட்டியிருந்தது. வாட்டம் எங்கே தவறியது என்பதை அந்த வரம்பே காட்டியது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து குழாயால் நீர் பாய்ச்சிப் பார்த்ததில் சட்டத்தின் கீழ்மூலையில் நீர் உள்ளே வந்தது. மழையில் ஒன்றும் காய்ந்த பின் ஒன்றுமாக இரண்டு அளவுகளை ஒப்பிட்டதால் கிடைத்த இந்தத் தெளிவு, இரண்டில் எந்த ஒரு வருகையால் மட்டுமும் கிடைத்திருக்காது. மழைநாளில் ஒருமுறை வந்துபோவதை முழுப் பரிசோதனை என்று விற்கும் நிறுவனத்திடம் பணம் கொடுக்கும் முன், மறுவருகை உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

அறிக்கையைப் பற்றி அவ்வளவு நிறைவாகச் சொல்ல முடியவில்லை. நாற்பது பக்கங்களுக்கு மேல், முழுவதும் ஆங்கிலத்தில் வந்தது. சேமிப்பில் பெரும்பங்கைக் கொடுக்கப்போகும் என் மாமனார் தமிழில் மட்டுமே சரளமாகப் படிக்கிறவர். அவருக்காக ஒவ்வொரு பக்கத்தையும் நான் உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது. சென்னையில் தொழில் செய்யும் நிறுவனம், கேட்பவருக்குத் தமிழில் நான்கு பக்கச் சுருக்கமாவது தர வேண்டும். சுவிட்சுப் பலகையின் கீறலும் கதவுத் தாழ்ப்பாளின் இறுக்கமும், உயிருக்கு ஆபத்தான மின்பெட்டிக் குறைக்குச் சமமான அளவில், அதே எழுத்தில், அதே வண்ணத்தில் அச்சாகியிருந்தன. நேரில் பொறியாளர் எதற்கு முக்கியத்துவம் கொடுத்தாரோ அது அறிக்கையில் காணாமல்போயிருந்தது. பழுதுபார்க்க உத்தேசமாக என்ன செலவாகும் என்ற தகவலும் இல்லை. விற்பவரிடம் விலை பேச உட்காரும்போது நமக்கு வேண்டியது முதலில் அதுதான்.

கடைசிப் பக்கத்தின் நிபந்தனைகளையும் பொறுமையாகப் படிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பகுதிகளை மட்டுமே பார்த்ததாகவும், ஏதேனும் விட்டுப்போனால் கட்டிய கட்டணத்துக்கு மேல் பொறுப்பேற்க முடியாது என்றும் அதில் இருக்கிறது. வீட்டுப் பரிசோதகர் என்ற தொழிலுக்கென்று தனி அரசு உரிமம் நம் நாட்டில் இல்லாததால், வருகிறவரின் படிப்பையும் அனுபவத்தையும் நாமேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கும் கருவிச் சோதனைகள் இந்தக் கட்டணத்தில் அடங்கவில்லை. தூணிலோ உத்தரத்திலோ சந்தேகம் இருந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைத் தனியாக அழைக்கும்படி அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். அந்த அளவுக்கு நேர்மையாக இருந்தார்கள்.

1,050 சதுர அடி வீட்டுக்கு முதல் வருகைக்கு 12,000 ரூபாயும் இரண்டாவது வருகைக்கு 4,000 ரூபாயும் கொடுத்தோம். 18 சதவீத ஜிஎஸ்டி தனி. மாதச் சம்பளக்காரருக்கு இது சிறிய தொகை இல்லை. ஆயினும் தரகருக்குக் கொடுக்கும் கமிஷனோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. வீடு கைமாறிய பிறகு இந்தக் குறைகள் தெரியவந்திருந்தால், அவற்றை முழுக்க எங்கள் செலவில் சரிசெய்திருப்போம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பரிசோதனைக்குப் பிறகு வீட்டை வாங்குவதென்றே முடிவு செய்தோம். பத்திரப் பதிவுக்கு முன் மின்பெட்டியை மாற்றிக் கூடத்துக்குப் புது வயர் இழுத்துத் தருவது விற்பவரின் பொறுப்பு என்று கிரைய உடன்படிக்கையில் எழுதினோம்; குளியலறைத் தரையைப் பெயர்த்துப் போடும் செலவையும், கீழ் வீட்டுக் கூரையைச் சரிசெய்யும் செலவையும் விலையில் கழித்துக்கொண்டார். மொட்டை மாடி பொதுச்சொத்து என்பதால் அதற்குச் சங்கத்திடம்தான் போக வேண்டியிருந்தது. அறிக்கையின் மாடிப் பகுதிப் படங்களை மட்டும் அச்செடுத்துச் சங்கக் கூட்டத்தில் வைத்ததும், போல்ட்டைச் சுற்றிக் குமிழ் எழும் படத்தைப் பார்த்து, ஆண்டெனாவுக்குச் சொந்தக்காரரே அதைக் கழற்றிவிடுவதாகச் சொன்னார். தட்டோட்டைப் பெயர்த்து, வாட்டம் சரிசெய்து மறுபடி பதிக்கும் வேலையைப் பங்குனிக்குள் முடிப்பதாகச் சங்கம் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்ததும் மாடியில் நீர் தேக்கிப் பார்க்க இதே பொறியாளரைத்தான் அழைக்கப் போகிறோம்; அந்தக் கட்டணத்தைச் சங்கமே கொடுக்கும்.